கதவு சென்சார் என்று எழுதிய கார்டுகள்

லிஃப்ட் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் அந்த அம்மாளை எல்லோரும் 'லிஃப்ட் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பேரைச் சொன்னால் அவருக்கே திரும்பிப் பார்க்கத் தோன்றாது. பன்னிரண்டு வருடத் தொழில், நான்கு மெக்கானிக்குகள். அதில் ஒருவன் கூடப்பிறந்த தம்பி. ஒன்பது லிஃப்ட் ஓடும் ஓர் ஆஸ்பத்திரியின் ஒப்பந்தம்தான் கடைக்கு உயிர்நாடி. அது இந்த மாதத்தோடு முடிகிறது. கைவிட்டுப் போனால் கடையை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்.

அதைக் கொத்திக்கொண்டு போக ஒரு பெரிய கம்பெனி வந்து நின்றது. பழுதைச் சொன்னால் காரணம் சொல்லும் ஏஐ அவர்களிடம் இருந்தது. சொந்தமாகச் செய்தது, உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் காட்டமாட்டார்கள். அக்கா மட்டும் சும்மா இருப்பாரா? யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று விட்டிருந்த ஓப்பன் சோர்ஸ் மாடல் ஒன்றை இறக்கி, மூன்று மாதம் உட்கார்ந்து, ஒவ்வொரு பழுதுக்கும் காரணம் எழுதி மூடும் கடையின் ஜாப் கார்டுகளை ஒன்று விடாமல் அதற்குப் படிப்பித்தார்.

"ஊருக்கே கிடைக்கிற சரக்கை வச்சுக்கிட்டு எங்களோட மோதறீங்களேம்மா! நாளைக்கு எதிர்க்கடைக்காரரும் இதையேதான் இறக்குவாரு," என்று ஆஸ்பத்திரி நிர்வாகியின் அறையில் வைத்தே சிரித்தார் கம்பெனியின் விற்பனைக்காரர்.

"தாராளமா இறக்கட்டும் சார். என் கார்டை எங்கேருந்து இறக்குவாரு?"

நிர்வாகி கையைக் காட்டி நிறுத்தினார். "மூணாவது லிஃப்ட் காலையிலேருந்து அசையல. உங்க ரெண்டு பேரோட ஏஐ மிஷினையும் கேளுங்க. எது சரியா சொல்லுதோ அவங்களுக்குத்தான் ஒப்பந்தம். உங்க தம்பியே திறந்து பார்த்து கார்டு எழுதட்டும். இத்தனை வருஷமா உங்க கார்டை நம்பித்தானே கையெழுத்து போடறேன்."

கம்பெனி மிஷின், பிரேக் காயில் என்றது. அக்காவின் மிஷின், கதவு சென்சார் என்றது. அதுவும் சத்தியம் பண்ணாத குறையாக. அக்கா தெம்பாகத்தான் நின்றார். தம்பி மொட்டைமாடிக்கு ஏறினான். மேலே இயந்திர அறையில் ஓர் ஆள் நிற்கத்தான் இடம்.

பத்து நிமிஷத்தில் போன் வந்தது. அக்கா வராந்தாவுக்குப் போய் எடுத்தார்.

"அக்கா, பிரேக் காயில்தான். கருகிக் கிடக்கு."

"அப்புறம் நம்ம மிஷின் ஏன்டா சென்சார்னு சொல்லுது?"

"நான்தான்க்கா. காரணம் எழுதாட்டி கார்டை மூடவிடமாட்டியே நீ! விளங்காததுக்கெல்லாம் சென்சார்னு எழுதிட்டு வீட்டுக்குப் போயிடுவேன். மத்தவங்களும் அப்படித்தான்."

அடப்பாவிகளா! கடையின் சொத்து என்று கட்டிக்காத்தது இந்த லட்சணமா?

"யாருக்கும் தெரியாதுக்கா. பையில வேற காயில் இருக்கு. சத்தமில்லாம மாத்திட்டு சென்சார்னே எழுதிடறேன். லிஃப்டும் ஓடும், ஒப்பந்தமும் நமக்கு."

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நிர்வாகி கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான்கு குடும்பமும் பிழைத்துவிடும். மாட்டேன் என்று சொல்ல அவருக்குத் துளியும் மனசில்லை, அதுதான் உண்மை. ஆனால் அந்தக் கார்டும் நாளைக்கு மிஷினுக்குள்தானே போகும்?

"காயிலை மாத்து. காயில்னே எழுது," என்று போனை வைத்தார்.

உள்ளே போய் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். தன் மிஷின் எந்தெந்தக் கார்டை நம்பி அப்படிச் சொன்னது என்று திரையில் திறந்தும் காட்டினார். மானம் போனது. நிர்வாகி விற்பனைக்காரர் பக்கம் திரும்பினார். "உங்களுது எதை வச்சு சொல்லிச்சு?"

"அது கம்பெனி ரகசியம் சார்."

"சொன்ன வார்த்தை சொன்னதுதான், ஒப்பந்தம் உங்களுக்கு. ஆனா நீங்க கேட்ட மூணு வருஷம் இல்ல. ஒரு வருஷம்."

அந்த மாதமே இரண்டு மெக்கானிக்குகள் வேறு வேலை தேடிப் போனார்கள். ஆள் குறைந்த கடையில் அக்கா தம்பியை உட்கார வைத்து, அவன் சென்சார் என்று எழுதிய கார்டுக் கட்டுகளை அவன் முன்னால் போட்டார். "எழுதினவன் நீ. ஒவ்வொண்ணா உண்மையைச் சொல்லு."

"இது ரிலே. இது ஒயர் அறுந்தது." மூன்றாவதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். "இது என்னன்னு அன்னைக்கே எனக்குத் தெரியலக்கா."

அக்கா பேனாவை அவன் பக்கம் தள்ளினார். "அப்ப அதையே எழுது."