டப்பாவுக்குள் மயில்

விஸ்வநத்தத்தில் எங்கள் மொட்டை மாடியில் நிற்கும் ஆன்டெனா நானே செய்தது. பிளாஸ்டிக் குழாயின் குறுக்கே பழைய டிவி ஆன்டெனாவின் அலுமினியக் கம்பிகள். நீட்டிய திசையில்தான் அது நன்றாகப் பேசும், கேட்கும். நான் அதைக் கொடைக்கானல் பக்கம் நீட்டி வைத்திருந்தேன். அங்கே ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர் இருந்தார். மூன்று வருஷமாக ஞாயிறு காலை ஏழரைக்கு நாங்கள் ஹாம் ரேடியோவில் பேசுவோம். நேரில் பார்த்ததில்லை.

என் குரல் எப்படிக் கேட்கிறது என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் "அஞ்சு ஒன்பது" என்பார். ரேடியோக்காரர்கள் பாஷையில் கணீரென்று கேட்கிறது என்று அர்த்தம். அந்த எண்ணைச் சொல்லிச் சொல்லி வீட்டில் தலைகால் தெரியாமல் ஆடியிருக்கிறேன். ஆன்டெனாவைச் சோதிக்கும்போது மட்டும் மீட்டர் முள் சரியான இடத்தில் நிற்காது. மீட்டரைத் திட்டிவிட்டு மூடி வைத்துவிடுவேன்.

போன மாதம் அவர், சென்னையில் மகன் வீட்டுக்குப் போகிறேன், அந்த அடுக்குமாடியில் ஆன்டெனா கட்ட விட மாட்டார்கள், அடுத்த ஞாயிறுதான் கடைசி என்றார். சனிக்கிழமை அடித்த காற்றில் என் ஆன்டெனாவின் ஒரு கம்பி வளைந்தது. பதறிப்போய் இறக்கினேன். கேபிள் சேரும் இடத்திலிருந்த டப்பாவையும் திறந்தேன். கேபிள் இணையும் இரண்டு கம்பித் துண்டுகளும் ஒன்றையொன்று தொடாமலிருக்க, அவற்றை உள்ளே ஒரு காலண்டர் அட்டையில் திருகியிருந்தேன். ஈரம் ஏறாத நல்ல அட்டை.

காலண்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மனைவி அதைத் திருப்பிப் பார்த்தாள். மறுபக்கம் முருகனும் தங்க மயிலும்.

"ஏங்க, மயிலுக்குப் போட்டிருக்கது ஃபாயில்ல? இதுல கரண்டு பாயாதாக்கும்?"

ஒரு திருகு மயிலின் கழுத்தில், இன்னொன்று தோகையில். இடையில் தங்க நிறத் தகடு. தொடக்கூடாத இரண்டையும் நானே சேர்த்து வைத்திருந்தேன். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் காய் நறுக்கும் பிளாஸ்டிக் பலகையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதை அறுத்து மாட்டி, வளைந்த கம்பியையும் நிமிர்த்தி ஆன்டெனாவை ஏற்றினேன். மீட்டர் முள் ஒழுங்காக நின்றது.

ஞாயிறு காலை அழைத்தேன்.

"தம்பி, உங்க குரல் இம்புட்டு கனமா? கோவிச்சுக்கிடாதீக. இத்தனை நாளும் பாதிதான் கேட்டேன்."

"பெறகு ஏன் அண்ணாச்சி அஞ்சு ஒன்பதுன்னீக?"

"உள்ளதைச் சொன்னா ஆன்டெனாவக் கழட்டிப் போட்டுட்டு ரெண்டு வாரம் வரமாட்டீகன்னுதான்."

என் குணம் அவருக்குத் தெரிந்திருந்தது. பதில் சொல்ல மைக்கின் பொத்தானை அழுத்தினேன். அதை அழுத்தியிருக்கும்வரை இங்குள்ள சத்தமெல்லாம் அவருக்குப் போகும். கீழே, காலண்டர் சீசன் என்பதால் ஞாயிறன்றும் வரும் கம்பெனி வேன், மனைவிக்காக ஹாரன் அடித்தது. விரலை எடுத்தேன்.

"வேன் வந்திருச்சு போல," என்றார் அவர். "தங்கச்சியப் போகச் சொல்லுங்க. நீங்க இருங்க."