நரி முகத்தில் விழித்த பிறகு

எங்கள் தெருவுக்குள் நரி வந்த காலையை நினைத்தால், யார் மேல் கோபப்படுவது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. நரியின் மேல் கோபப்பட முடியாது. தான் யார் என்பதே அன்றைக்கு அதற்கு நினைவிருந்திருக்காது.

அறுபதுகளின் கடைசி. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம், வயிற்றில் நாலு மாதம். விடிந்ததும் விடியாததுமாகத் தெருவில் பாவு விரித்திருந்தோம். தறியில் ஏற்றப்போகும் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுக் காயவைக்கும் வேலை அது. ஈரம் காய்கிறவரை பக்கத்தில் யாரும் ஓடக்கூடாது, கல் எறியக்கூடாது. ஒன்றிரண்டு அறுந்தால் முடிந்துகொள்ளலாம், மொத்தமாக அறுந்தால் அத்தனையும் வீண். என் வீட்டுக்காரர் தெருக்கோடியில் நின்று இழுவை பார்த்துக்கொண்டிருந்தார். நானும் மாமியாரும் இந்தப் பக்கம் குந்தியபடி, அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தோம்.

பக்கத்து ஊரான ஓரிக்கை இருக்கும் திசையிலிருந்து அது வந்தது. நாய் என்றுதான் முதலில் நினைத்தேன். வாலைப் பார்த்த பிறகுதான் நரி என்று புரிந்தது. அத்தனை ஜனம் நிற்கும்போதே, பாவுக்குக் கீழே, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை போல நிதானமாக நடந்து வந்தது.

வேறு தெருவாக இருந்தால் விரட்டியிருப்பார்கள். எங்களுக்கு ஈரப் பாவு ஒரு தடை. இன்னொன்று, யாருக்காவது நல்லது நடந்தால் ‘நரி முகத்தில் முழிச்சியா’ என்று கேட்கிற ஜனங்கள் நாங்கள். நரியே வீடு தேடி வந்து முகத்தைக் காட்டினால் யாருக்கு விரட்ட மனசு வரும்? ஆண்கள் பாவை விடாமல் ஒரு கையாலேயே கும்பிட்டார்கள்.

“நல்லா பாருமா, வயித்துல இருக்கிற புள்ளைக்கு நல்லது. கிட்டத்துலயே வந்துக்கினு இருக்குது பாரு” என்றார் மாமியார்.

பார்த்தேன். பார்த்ததோடு விட்டிருக்கலாம். கீழ்த்தாடை தொங்கி, எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. பசி மயக்கம் என்று நினைத்துக் கஞ்சிச் சட்டியை அதன் முன்னால் தள்ளினேன். வாயை வைத்தது, ஆனால் ஒரு வாய் கூட உள்ளே போகவில்லை, எல்லாம் வெளியே வழிந்தது. சட்டியை இன்னும் சாய்த்துக் கொடுத்தபோது அதன் வாய் என் கையில் பட்டது. கடித்ததா, உரசியதா, தெரியவில்லை. வலியே இல்லை. பட்டிழை அறுத்த கீறல்கள் என் விரல்களில் எப்போதும் ஏழெட்டு இருக்கும். அவற்றில் எது இழை, எது பல் என்று எப்படிச் சொல்வது? நரி பின்னங்கால் தள்ளாட, வந்த வழியே போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து, வயிற்றைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனபோது, டாக்டரம்மாவிடம் இதைப் பெருமையாகவே சொன்னேன். அவர் கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மனுஷங்களைக் கண்டா ஓடுறதுதான் நரி. ஓடாம வந்துச்சுன்னா அதுக்கு வெறிநோய் வந்திருக்கலாம்மா. நரிக்கும் வரும், கீரிப்பிள்ளைக்கும் வரும். எல்லாமே பாஞ்சு கடிக்காது. சிலது சாதுவாயிடும், தாடை விழுந்துடும், விழுங்க முடியாது.”

“அது சாதுவாத்தானே இருந்திச்சு?” என்று கேட்டேன்.

“அதனாலதாம்மா பயமா இருக்கு. நாய்னா பத்து நாள் கட்டிவெச்சுப் பார்க்கலாம். காட்டு மிருகத்தை எங்கே போய்ப் பார்க்கிறது? இந்த நோய் வந்துட்டா மருந்தே கிடையாது. தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி போடணும்.”

பாயும் நரி கெட்டது, பேசாமல் இருக்கும் நரி அதைவிடக் கெட்டது என்றால் எதை நம்புவது? வீட்டில் சொன்னதும் மாமியார் தாம்தூம் என்று குதித்தார். “புள்ளத்தாச்சி வயித்துல பதினாலு ஊசியா? புள்ளைக்கு இன்னா ஆவும்? அதிர்ஷ்டம் தேடி வந்துக்கீது, அதைப் போய் நோயின்றாங்களே!”

என் வீட்டுக்காரர் இரண்டு பக்கமும் பேசாமல், நரி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க சைக்கிளில் கிளம்பினார். உயிரோடு இருந்தால் நோய் இல்லை என்பது அவர் கணக்கு. ஓரிக்கையில் ஒரு நரியை அடித்துப் புதைத்துவிட்டதாகச் சொன்னார்களாம். ஐயம்பேட்டையில் முந்தின நாள்தான் ஒரு நரி கோழியைத் தூக்கிக்கொண்டு ஓடியதாம். எது நம் நரி என்று கேட்டேன். “ரெண்டுக்கும் வால் இருந்திச்சாம்” என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அவரையே கடித்திருப்பேன்.

நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து கடிக்காமல் இருந்தால் சரி என்பார்கள். கடித்ததா இல்லையா என்பதே தெரியாதவளுக்கு அந்தப் பழமொழியில் பதில் இல்லை. ஊசி போடாவிட்டால் பிள்ளை போய்விடும். போட்டாலும் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும். நரிக்கு நோயே இல்லையென்றால், ஒன்றுமில்லாததற்குப் பிள்ளையைக் குத்தின பாவம் எனக்கு. அன்று ராத்திரி முழுக்க இதுவேதான். யாரும் ஒரு முடிவு சொல்லாத ஆத்திரத்தில், மறுநாள் நானே தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசிக்குப் படுத்தேன்.

ஊசி பெரிது, மருந்தும் நிறைய. குத்திய இடமெல்லாம் கொழுக்கட்டை மாதிரி வீங்கிக்கொண்டது. ஒன்பதாவது நாள், ஊசி உள்ளே இருக்கும்போதே, வயிற்றில் ஏதோ துடித்தது. முதல் அசைவு. பிள்ளைமேல் குத்திவிட்டார்கள் என்று நினைத்து அலறினேன். இல்லை, அதுவாகத்தான் அசைகிறது என்று டாக்டரம்மா சிரித்தார். முதல் அசைவுக்குச் சந்தோஷப்பட வேண்டும் என்பதே எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

பெண் பிறந்தாள். ஒரு குறையும் இல்லை. அந்த நரிக்கு நோய் இருந்ததா என்பது மட்டும் கடைசிவரை தெரியவில்லை. எல்லாம் நரி முகத்தின் அதிர்ஷ்டம் என்று மாமியார் தெருவெல்லாம் சொன்னார். நான் மறுத்துப் பேசவில்லை. ஆனால் பதினாலாவது நாள் ஆஸ்பத்திரியில் நடந்ததை அவரிடமும் சொல்லவில்லை, என் வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை.

அன்று கடைசி ஊசி முடிந்து புடவையைச் சரிசெய்துகொண்டே, “புள்ள நல்லா இருக்குமா டாக்டரம்மா?” என்று கேட்டேன்.

“தெரியலம்மா. இருக்கும்னு நினைக்கிறேன்.”

“தெரியாமலா புள்ளைக்கு இத்தினி ஊசி போட்டீங்க?”

அவர் ஊசியைத் தட்டில் வைத்தார். “நான் புள்ளைக்குப் போடலம்மா. நீ சாகக்கூடாதுன்னு போட்டேன்.”

நானும் செத்துப்போகக்கூடும் என்று அதுவரை வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. எனக்கே அது தோன்றியிருக்கவில்லை.