ஐந்து பத்து வண்டியின் அக்கா

அந்த அக்கா ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பிரிவில் வேலை பார்த்தார். கேட்டால் அப்படிச் சொல்ல மாட்டார். "பெரிய டாக்டருக்கு அடுத்து நான்தான் தம்பி. நான் துவைச்சுக் குடுக்கலைன்னா அவரு எதை மாட்டிக்கிட்டு ஆபரேஷன் பண்ணுவாரு?" என்பார். பஸ்ஸே சிரிக்கும். விடிவதற்கு முன் கிளம்பும் ஐந்து பத்து வண்டியில் அவர் ஏறினால்தான் எனக்குத் தூக்கம் கலையும்.

நான் அந்த வண்டியின் கண்டக்டர். பதினோரு வருஷ சர்வீஸ். யாரிடமும் ஒரு பைசா கூடுதலாக வாங்கியதில்லை என்று அப்போதெல்லாம் பெருமை பேசிக்கொண்டு திரிந்தேன்.

அக்காவுக்கு ஆறு மணி ஷிஃப்ட். படுத்த படுக்கையாகக் கிடக்கும் கணவருக்கு உடம்பு துடைத்து, ஊட்டிவிட்டு, மதியச் சாப்பாட்டைத் தலைமாட்டில் மூடி வைத்துவிட்டு ஓடி வருவார். ஐந்து நிமிஷம் தாமதித்தால் அரை நாள் சம்பளம் போய்விடும். ஒரே மாதத்தில் மூன்று முறை தாமதித்தால் வேலையே போய்விடும். ப்ளீச்சிங் பவுடரில் ஊறி ஊறி விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருக்கும். "உனக்கு மட்டும் எப்படிம்மா சிரிப்பு வருது?" என்று டிரைவர் ஒரு நாள் கேட்டார். "அழுதா பஸ் சீக்கிரம் போகுமா அண்ணே? சொல்லுங்க, அழுதுடறேன்" என்றார்.

பெண்களுக்குப் பயணம் இலவசம் ஆன பிறகு அந்த வண்டியில் முக்கால்வாசி பெண்கள்தான். காசு வாங்க வேண்டாம். ஆனால் மெஷினில் ஆளுக்கொரு டிக்கெட் அடித்துக் கொடுக்க வேண்டும். அப்படி அடித்த ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் அரசாங்கம் எங்கள் நிர்வாகத்துக்கு மானியம் தரும். பயிற்சி வகுப்பில் இதைச் சொன்னபோது நான் கடைசி வரிசையில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன்.

எல்லாம் தெரிந்த முகங்கள். அரைத்தூக்கத்தில் ஒவ்வொருவருக்கும் பொத்தானை அமுக்கி, பேப்பர் ரோல் தீர்ந்தால் மாற்றி, யார் மாரடிப்பது? "உக்காருங்கக்கா, நமக்குள்ள என்ன டிக்கெட்டு?" என்று சொல்லிவிட்டு முன் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வேன். அந்த நேரத்துக்கு எழுந்து செக்கிங் வர எந்த மகராசனும் இல்லை. சோம்பேறித்தனத்துக்குப் பாசம் என்று பெயர் வைத்திருந்தேன். அவர்கள் என்னைத் தங்கமான பிள்ளை என்றார்கள். வெட்கமில்லாமல் கேட்டுக்கொண்டேன். ஒன்றரை வருஷம் இப்படியே ஓடியது.

பிறகு அரசாங்கம் மானியத்தைக் குறைத்தது. ஆளில்லாத ட்ரிப்புகளை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. பட்டியலில் முதலாவதாக எங்கள் ஐந்து பத்து. அதை விட்டால் அடுத்த வண்டி ஆறு மணிக்குத்தான்.

அக்கா பதினெட்டுப் பெண்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு டிப்போ மேனேஜரைப் பார்க்க வந்தார். மேனேஜர் என்னையும் அறைக்குள் கூப்பிட்டார்.

"ஒரு நாளைக்கு ஆறு ஆம்பளைங்கதான் ஏறுறாங்கன்னு மெஷின் சொல்லுது. இவங்க, பொம்பளைங்க மட்டும் பதினெட்டு பேருங்கறாங்க. நீங்கதானே கண்டக்டர்? எது சரி?"

பதினெட்டு என்று சொன்னால் டிக்கெட் அடிக்காதது வெளியே வந்துவிடும். அன்றைக்கே சஸ்பெண்ட். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். 

"மெஷின்ல இருக்கறதுதான் சார்" என்றேன்.

அக்கா மனுவை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து போனார். வாசல் வரை பின்னாலேயே ஓடினேன்.

"அக்கா, மன்னிச்சுடுங்க. நான் உங்க யாருக்குமே டிக்கெட் அடிக்கல. அதனாலதான்..."

"தெரியும் தம்பி."

"தெரியுமா?"

"சாயங்காலம் நான் திரும்பிப் போற பஸ்ல ஒரு கண்டக்டரம்மா, தூங்கறவங்களக்கூட எழுப்பி டிக்கெட் குடுப்பாங்க. ஏம்மா இந்தப் பாடுன்னு போன வாரம் கேட்டேன். இதை வெச்சுத்தான் அரசாங்கம் பணம் குடுக்குது, இல்லைன்னா பஸ்ஸே நின்னுடும்னாங்க. அப்பவே புரிஞ்சுபோச்சு."

"அப்ப உள்ள ஏங்க்கா சொல்லல?"

"நான் சொன்னா காட்டிக்குடுத்த மாதிரி ஆயிடும். உங்களுக்கும் புள்ளகுட்டி இருக்கு. நீங்களே சொல்லுவீங்கன்னு நம்பித்தான் கையெழுத்து வாங்கிட்டு வந்தேன்."

கன்னத்தில் அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"இப்பவே போய்ச் சொல்லிடறேங்க்கா" என்றேன். சொல்லும்போதே, வேண்டாம் தம்பி என்று அவர் தடுப்பார் என்று எதிர்பார்த்தேன். என் புத்தி அப்படி.

அவர் தடுக்கவில்லை. "சரி தம்பி" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மேனேஜர் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. பத்தடி இருக்கும். நான் போகவில்லை. ஐந்து பத்தை நிறுத்திய அன்றும் போகவில்லை. அத்தனை தூரமும் நடந்தே வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அக்காவை மூன்றாவது தாமதத்தில் வேலையை விட்டு நிறுத்தினார்களே, அன்றும் போகவில்லை.