கடலைப் பகலில் கடந்தோம்

போன வாரம் பெரம்பலூரில் ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். ரயில் டிக்கெட் ஒன்றை கேன்சல் செய்யப் போன இடம். எனக்கு முன்னால் செட்டிகுளத்துக்காரர் ஒருவர். அமெரிக்காவில் இருக்கும் மகனைப் பார்க்க மனைவியோடு போகிறாராம். திரும்பி வரும் டிக்கெட்டைப் பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

"நைட் ஃபிளைட்டே போட்டுடறேன் சார். சாயந்திரம் ஏறுனீங்கன்னா கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள லண்டன் வந்துடும். பகல் பூரா பையனோட இருக்கலாம். ஒரு நாள் மிச்சம்!" என்றார் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர்.

ஒரு நாள் மிச்சம்... இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே? எங்கேயோ என்ன — என் மகள் வாயால்தான். போன ஜூன் மாதம், பாஸ்டனில், மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்.

கேட்காதவர்களுக்கு யோசனை சொல்வது எனக்குப் பழக்கம்தான். உங்களுக்குத் தெரியாததா? ஆனாலும் அன்றைக்கு ஏனோ வாயைத் திறக்கவில்லை. சொல்லாமல் விட்டது உள்ளே கிடந்து குடைகிறது. அதனால் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

என் மகள் கயல் பாஸ்டனில் வேலை பார்க்கிறாள். நானும் எங்கள் வீட்டுக்காரரும் இரண்டு மாதம் அவளோடு இருந்துவிட்டு அரியலூருக்குத் திரும்ப வேண்டிய நேரம். பாஸ்டனிலிருந்து லண்டன், அங்கே ஒரு ராத்திரி தங்கல், பிறகு சென்னை. இதில் அட்லான்டிக் கடலைத் தாண்டும் முதல் விமானத்தில்தான் சிக்கல். பெரும்பாலும் சாயந்திரம் ஏறிக் காலையில் இறங்குகிற விமானங்கள்தான் இருக்கின்றன. காலையில் ஏறினால் சாயந்திரம் கொண்டுபோய் விடுகிற பகல் விமானம் எங்கோ ஒன்றிரண்டு.

கயல் ராத்திரி விமானத்தைப் பார்த்து வைத்திருந்தாள். கிளம்பும் நாளுக்கு ஆபீஸில் லீவும் போட்டாகிவிட்டது. இவரோ மூன்றே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"சி ஷிப்ட் வேணாம்மா."

எங்கள் வீட்டில் இதற்கு விளக்கம் தேவையில்லை. உங்களுக்குத் தேவைப்படும். ரெட்டிபாளையம் பக்கம் சிமெண்ட் ஃபேக்டரியில் கிரஷர் செக்‌ஷனில் இருந்தவர் இவர். மலை மலையாக வந்து விழும் சுண்ணாம்புக் கல்லை உடைத்துத் தள்ளுகிற இடம். அங்கே சி ஷிப்ட் என்றால் ராத்திரி டியூட்டி. யாராவது வரவில்லை என்றால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். இவருக்கு மாட்டேன் என்று சொல்ல வராது. ரிட்டயர் ஆன அன்றைக்கு மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஒன்று சொன்னார். "இனிமே என் ராத்திரி என்னோடது. யாருக்கும் குடுக்கறதா இல்ல." அதிலிருந்து ஊரே கூடியிருக்கும் கல்யாண வீட்டில்கூட ஒன்பது மணிக்கு ஆளைக் காணோம்.

"தூங்கிட்டே போயிடலாம்ப்பா" என்றாள் கயல்.

"எங்க தூங்குறது? போன தடவை பாத்தோமே. சோத்தைப் போட்டுட்டு வெளக்கை அமத்துனான். கண்ணு அசர்றப்ப வெளக்கைப் போட்டுக் காப்பியை நீட்டுறான். நம்ம ஒடம்புக்கு அப்பதான் நடுராத்திரி. கிழக்க போற வண்டியில பாதி ராத்திரிதான் குடுப்பான்."

சரியான பேச்சுதான். கிழக்கே பறந்தால் கடிகாரம் நமக்கு முன்னால் ஓடுகிறது. சில மணி நேரம் எங்கேயாவது தொலைந்துதான் ஆக வேண்டும். ராத்திரியில் போனால் தூக்கம் தொலையும். பகலில் போனால் பகலில் கொஞ்சம் தொலையும். இறங்கிப் போய்க் குளித்துவிட்டு, மெத்தையில் காலை நீட்டி, முழு ராத்திரியும் தூங்கலாம்.

'லண்டனிலிருந்து சென்னைக்கு ராத்திரியில்தானே வந்தாக வேண்டும்?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நானும் கேட்டேன். "அதை ஓவர்டைம்னு வச்சுக்க" என்றார்.

அன்றைக்குப் பாத்திரம் கழுவும்போது கயல் என் பக்கத்தில் வந்து நின்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாலும் ஹாலில் இருந்தவருக்குக் கேட்கும்படிதான் பேசினாள்.

"சின்னப் புள்ளையில பகல்ல அப்பா எங்கம்மா இருந்தாங்க? சாத்துன கதவுக்கு அந்தாண்ட. 'சத்தம் போடாத, அப்பா தூங்குறாங்க'ன்னு நீதான் என் வாயைப் பொத்துவ. மிக்ஸிகூடப் போட மாட்ட. இங்க வந்த ரெண்டு மாசமும் நான் ஆபீஸ் ஆபீஸ்னு ஓடிட்டேன். ஒரே ஒரு பகல் முழுசா அவங்களோட இருக்கலாம்னு லீவு போட்டேன். ஒரு நாள் மிச்சம் கெடைக்கும்னு பாத்தா... அதையும் எடுத்துக்கிட்டாங்க."

எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னது அத்தனையும் உண்மை. கோபம் முழுக்க இவர் மேல் திரும்பியது. ஒரு பொழுது தூங்காமல் இருந்தால் குடியா முழுகிவிடும்? கேட்டேன். அன்று ராத்திரி இவர் தட்டில் பாதிச் சோறு மிச்சம். ஆனாலும் பகல் டிக்கெட்தான் எடுத்தது. பிடிவாதத்தில் அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் நான் ஆளே இல்லை.

ஜூன் மாதத்தில் அங்கே சீக்கிரமே விடிந்துவிடுகிறது. நன்றாக வெளுத்த பிறகுதான் வீட்டை விட்டுக் கிளம்பினோம். ஏர்போர்ட் வாசலில் கயல் என்னைக் கட்டிக்கொண்டாள். அவரைப் பார்த்து "போயிட்டு வாங்கப்பா" என்றாள். அவ்வளவுதான். காரை நிறுத்தக் கூடாத இடமாம். சட்டென்று திரும்பிப் போய்விட்டாள்.

விமானம் மேலே ஏறியது. சாப்பாடு வந்தது, போனது. கொஞ்ச நேரத்தில் ஆளாளுக்கு ஜன்னல் மூடியை இறக்கிவிட்டுப் படம் பார்க்க ஆரம்பித்தார்கள். வெளியே அப்படி ஒரு வெயில். உள்ளே தியேட்டர் இருட்டு. பணிப்பெண் வந்து எங்கள் ஜன்னலையும் மூடச் சொன்னாள், சிரித்துக்கொண்டேதான். இவர் சரி சரி என்று தலையாட்டினார். அவள் நகர்ந்ததும், அந்தக் காலத்து போட்டோ ஸ்டுடியோக்காரர் மாதிரி போர்வைக்குள் தலையை நுழைத்து, போர்வையால் ஜன்னலையும் சேர்த்து மூடிக்கொண்டு, உள்ளே அந்த மூடியைத் தூக்கிவிட்டார்.

போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வந்து என்னைக் கூப்பிட்டது. பேசக் கூடாது என்றுதான் இருந்தேன். எத்தனை நேரம் இருப்பது? நானும் தலையை நுழைத்தேன்.

கண் கூசியது. பிறகு மெல்ல மெல்ல நீலம் தெரிந்தது. கீழே கடல். அலை என்று ஒன்றும் தெரியவில்லை, லேசான சுருக்கம் மட்டும். மேகங்களின் நிழல்கள் தண்ணீர் மேல் தனித்தனியாக நின்றன. நகர்கிறோமா, நிற்கிறோமா? ஒரு சத்தமும் அங்கே எட்டாது என்று தோன்றியது. மூச்சு விட்டால்கூட அந்த நீலம் கலைந்துவிடும் போல இருந்தது.

"நம்ம கல்லுல சங்கு சங்கா பதிஞ்சு வருமே... அதெல்லாம் இப்படி ஒரு கடல்லதான் கெடந்திருக்கும்" என்றார் மெதுவாக.

அரியலூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. ஒரு காலத்தில் எங்கள் ஊர் கடலுக்கு அடியில் இருந்ததாம். ஆனால் தெரிவது வேறு, மேலேயிருந்து பார்ப்பது வேறு. அப்படியே கண் சொக்கியது எனக்கு. அரைத் தூக்கத்தில் எங்கள் தெரு தண்ணீருக்கு அடியில் கிடந்தது. மாடிக் கொடியில் காயப்போட்ட புடவைகள் பாசி போல அசைந்தன. பஸ் ஸ்டாண்டு மேலே மீன் கூட்டம் ஒன்று அவசரமே இல்லாமல் போனது. ரொம்ப உயரத்தில், வெளிச்சத்தில், நாங்கள் இரண்டு பேரும் ஒரே போர்வைக்குள் போய்க்கொண்டிருந்தோம்... விழித்துப் பார்த்தால் அதே நீலம். இவர் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க கொஞ்சம் தூங்கலையா?"

"நைட் ஷிப்ட் முடிச்சு வந்து படுத்தா ஜன்னல் சந்துல வெயில் வரும். அதைப் போர்வை போட்டு மறைச்சுட்டுத் தூங்குவேன். எத்தனை பகலை அப்படி மூடியிருக்கேன்... ராத்திரி வண்டியில வந்திருந்தா இன்னிக்கும் முழிச்சுக் கெடந்துட்டு, நாளைக்குப் பகல்ல போர்வையத் தேடணும்." போர்வை ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டார். "புள்ளைக்குக் கோவம் தீந்திருக்குமா?"

எனக்குத் தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

லண்டனில் இறங்கும்போது சாயந்திரம். வெயில் இன்னும் போகவில்லை. சூரியன் முதுகுப் பக்கம், மேற்கே, மகள் இருக்கும் திசையில் இருந்தது. போனை ஆன் செய்து நாலடி நடப்பதற்குள் கயல் கூப்பிட்டுவிட்டாள். குரல் கரகரப்பாக இருந்தது.

"எறங்கிட்டீங்களாம்மா?"

"இப்பத்தாண்டி. உனக்கு எப்படி..."

"போன்ல உங்க பிளேன் போறதைக் காட்டுதும்மா. காலையிலேருந்து அதையேதான் பாத்துட்டிருந்தேன். சாப்பிடறப்பகூட முன்னாடி வச்சுக்கிட்டேன். கடலுக்கு நடுவுல கொஞ்ச நேரம் நகரவே இல்ல, பயந்தே போயிட்டேன். நைட் ஃபிளைட்டா இருந்தா நான் தூங்கிப் போயிருப்பேன்." பிறகு கேட்டாள். "அப்பா தூங்குனாங்களா?"

"ஒரு நிமிஷம் கண்ணை மூடல. முழிச்சேதான் வந்தாங்க."

"அப்பாகிட்டக் குடும்மா" என்றாள்.

கொடுத்தேன். இவர் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, நடக்கிற கூட்டத்துக்கு நடுவில் அப்படியே நின்றுவிட்டார். "ம்... ம்... கடலைப் பாத்தேன் சாமி... பூரா பாத்தேன்" என்பது மட்டும் எனக்குக் கேட்டது.

லீவு போட்டவள் லீவை வீணாக்கவில்லை. அப்பாவோடு ஒரு முழுப் பகல் இருந்திருக்கிறாள் — டிக்கெட் மட்டும்தான் எடுக்கவில்லை!