எந்தத் தட்டை உருவுவது

பீப் சத்தம் காலையிலிருந்தே கேட்டிருக்கிறது. யூ.பி.எஸ்.தான் கத்துகிறது என்று அண்ணன் அதை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்திருக்கிறார். ஏனாத்தூரில் மதியம் கல்லூரி முடிந்து வழக்கம்போல அவருடைய டிசைன் சென்டருக்குள் நுழைந்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கத்தியது மூலையில் இருக்கும் ஸ்டோரேஜ் பெட்டி.

பட்டுப்புடவைக்கு பார்டரும் முந்தானையும் கம்ப்யூட்டரில் வரைந்து, தறிக்கான ஃபைலாக்கித் தருவது அண்ணனும் அண்ணியும் நடத்தும் தொழில். வரைந்த அத்தனையும் அந்தப் பெட்டியில்தான். உள்ளே தனித்தனித் தட்டில் இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் பதியும். இரண்டாவது போய்விட்டது என்று திரை சொன்னது. மிஞ்சிய ஒன்றும் போனால் வேறு நகல் இல்லை.

காந்தி ரோட்டுக்குப் பறந்து புது டிஸ்க் வாங்கி வந்தேன். இரண்டாவது என்றால் வலப்பக்கம்தானே? அந்தத் தட்டின் பிடியில் கை வைத்துவிட்டேன். ஏதோ உறுத்தியது. பழுதானதில் சிவப்பு விளக்கு எரியவேண்டும். விளக்கே தெரியவில்லை. ஆயுத பூஜையில் தொடங்கி வெள்ளிதோறும் அண்ணி வைத்த சந்தனமும் குங்குமமும் இரண்டையும் மூடிக் காய்ந்திருந்தன.

ஈரத்துணியை எடுத்தேன்.

"டேய், இன்னா பண்ற? வெள்ளிக்கிழமை அதுவுமா பொட்டை அழிப்பியா?" என்றார் அண்ணி.

"இதுக்குப் பின்னாலதான் அண்ணி லைட்டு இருக்குது. எது செத்துதுன்னு தெரியணும்ல?"

"செத்துதுன்னு சொல்லாத!"

"குத்துமதிப்பா ஒண்ணை உருவுப்பா, ரெண்டுல ஒண்ணுதானே," என்றார் அண்ணன்.

"தப்பா உருவினா கடையை மூடிக்கினு போவவேண்டியதுதாண்ணே."

பெட்டியை அணைத்துவிட்டு, டிஸ்க்கின் மேல் ஒட்டியுள்ள நம்பரைத் திரை காட்டும் நம்பரோடு ஒத்துப்பார்க்கலாம். ஆனால் இரண்டும் ஒன்றாக வாங்கியவை, ஒரே வயது. அணைத்தபின் நல்லதும் மறுபடி சுற்றாமல் போனால்?

அண்ணி குங்குமச் சிமிழோடு வந்தார். பெட்டியின் தலையில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தார். "புதுசு வெச்சாச்சு. இப்போ பழசைத் துடை."

துடைத்தேன். சிவப்பு எரிந்தது இடப்பக்கம். அந்தப் பெட்டிக்கு எண்ணிக்கை வலப்பக்கத்திலிருந்து தொடங்குகிறது! நான் முதலில் கை வைத்தது நல்ல டிஸ்க்கில்.

பெட்டியை அணைக்காமலே இடப்பக்கத்தை உருவி, புதியதைச் செருகினேன். நகல் ஏறத் தொடங்கியது. சதவீதம் நகரவே மாட்டேன் என்றது. எழுந்தேன், உட்கார்ந்தேன், பெட்டியில் காதை வைத்துக் கேட்டேன்.

"நீ முறைச்சா சீக்கிரம் ஆவுமா? டீ குடிடா," என்றார் அண்ணி.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு இரண்டும் பச்சையாயின. பழைய பார்டர் ஃபைல்களைக் கண்டபடி திறந்து பார்த்தேன். எல்லாம் இருந்தன.

"அப்போ இனிமே பயமில்லை," என்றார் அண்ணன்.

"இன்னொண்ணும் அதே வயசுதாண்ணே. நாளைக்கே அதையும் மாத்திடலாம். வெளியில ஒரு நகலும் வெச்சுக்கணும். இப்பவே கடைக்கு ஒரு போன்..."

"டேய், வீட்டுக்குப் போடா."

வண்டியை எடுத்த கையோடு, தெருமுனையிலேயே நிறுத்திக் கடைக்குப் போன் போட்டேன்.