வயிற்றுவலி என்று சொல்லாதீர்கள்

எங்கள் ஊரில் வயசுப் பெண் யாராவது தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டால் அதற்குப் பெயர் வயிற்றுவலி. போலீசும் அப்படித்தான் எழுதிக்கொள்ளும், பேப்பரிலும் அப்படித்தான் வரும். எமர்ஜென்சி முடிந்த வருஷம் என் அக்கா செத்தபோது அப்பாவும் அதையே சொன்னார். இருபது வயசு அவளுக்கு. ஒரு நாள்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தவள் இல்லை. ஏன் செய்தாள் என்று எனக்கு இன்றுவரை முழுசாகத் தெரியாது. எல்லாம் தெரிந்த மாதிரி பேசியவர்கள் தெருவில் நிறையப் பேர் இருந்தார்கள். ஒருத்தி காதல் என்றாள், இன்னொருத்தி அதைவிட அசிங்கமாகச் சொன்னாள். அவர்கள் வாயில் மண் விழ.

பிணத்தைத் தேரடிப் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்றார்கள். சங்கு வேண்டாம், பூ வேண்டாம் என்றார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்குக் கூப்பிட்ட புரோகிதர், துர்மரணத்துக்கெல்லாம் வர முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதற்கு முந்தின வருஷம், அதே தேரடி வழியாகத்தான், சோறு தண்ணியை விட்டு உட்கார்ந்தபடியே உயிரை விட்ட ஒரு சாமியாரை நாற்காலியில் வைத்து மேளதாளத்தோடு தூக்கிக்கொண்டு போனார்கள். விழுந்து விழுந்து கும்பிட்டார்கள். அவர் செய்தது முக்தி, என் அக்கா செய்தது பாவம். எங்கே பிரிகிறது என்று கேட்டால், வாயை மூடுடி என்பார்கள்.

அப்பாவின் அக்கா, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். பௌர்ணமி தவறாமல் மலையைச் சுற்றுவாள். ஒரு தடவை நானும் கூடப் போனேன். அடி அண்ணாமலை தாண்டும்போது, "ஒரு சுத்து சுத்தினா எந்தப் பாவமும் போயிடும்டி, கொலை பண்ணவனுக்கே போயிடும்" என்றாள்.

"அப்போ அக்காவோடது?"

"அது போவாது."

"கொலைகாரனுக்கு வழி இருக்குது, எங்கக்காவுக்கு இல்லையா? நல்லா இருக்குதே உங்க நியாயம்!"

நடுரோட்டில் ஓர் அறை விட்டாள். கன்னம் எரிந்தது.

என்னைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவள் செய்தது சரி என்று நான் சொல்லவே இல்லை. அவள் இருந்திருக்க வேண்டும். இன்றைக்கு என்னோடு சண்டை போட்டுக்கொண்டு, மூட்டுவலி என்று புலம்பிக்கொண்டு, கிழவியாக இருந்திருக்க வேண்டும். அந்தக் கோபம் எனக்கு அவள்மேல் உண்டு. அது கூடப் பிறந்தவளின் கோபம், எனக்கு அதற்கு உரிமை இருக்கிறது. உயிரோடு இருந்தபோது ஒரு வேளைகூட 'சாப்ட்டியா' என்று கேட்காதவனெல்லாம், செத்த பிறகு வந்து தீர்ப்புச் சொல்ல யார்?

அம்மா அவள் போட்டோவை பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தாள். குடும்பத்தில் செத்தவர்கள் எல்லோரும் கூடத்துச் சுவரில் மாலையோடு இருந்தார்கள், அவளைத் தவிர.

அக்கா போய் ஐந்து வருஷம் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை மண்டி வைத்து வேர்க்கடலை வியாபாரம் செய்த குடும்பம். அத்தை காலையிலிருந்தே எனக்குப் பாடம் நடத்தினாள். "அக்கா எப்படிச் செத்தான்னு கேட்டா வயித்துவலின்னு சொல்லு. ஜாஸ்தி பேசாதே." நான் குளித்து, புடவை கட்டிக்கொண்டு, நேராகப் போய் பீரோவைத் திறந்தேன். போட்டோவை எடுத்துக் கூடத்தில் தாத்தா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். என் தலைக்கு வாங்கின மல்லிகையில் பாதியைக் கிள்ளி அதற்குப் போட்டேன். அத்தை கழற்ற ஓடி வந்தாள். அம்மா குறுக்கே வந்து நின்றாள். அதற்குள் வாசலில் கார் வந்துவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா கேசரியைத் தின்றபடி, "இது யாருங்க, பொண்ணு மாதிரியே இருக்குது?" என்றாள்.

"எங்கக்காங்க. தற்கொலை பண்ணிக்கிட்டா" என்றேன்.

அப்பா தரையைப் பார்த்தார். அந்த அம்மா தட்டைக் கீழே வைத்தாள். "இதெல்லாம் ரத்தத்துல வர்றதுங்க. நாளைக்கு எங்க வீட்ல எதுனா ஆச்சுன்னா, நாங்க வெளிய தலை காட்ட முடியுமா?" என்று எழுந்துவிட்டாள். மற்றவர்களும் எழுந்தார்கள். பஜ்ஜியை யாரும் தொடவில்லை.

"குடியைக் கெடுத்துட்டியேடி பாவி!" என்று அத்தை மாரில் அடித்துக்கொண்டாள். காரில் ஏறியவர்களுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டுமே! எனக்கு அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. நல்ல பசி. உட்கார்ந்து ஆறிப்போன பஜ்ஜியை நானே தின்றேன்.

இரண்டு நாளில் தெரு முழுக்க இதே பேச்சு. குழாயடியில் என்னைக் கண்டால் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள். அந்த வாரமே எங்கள் வீட்டுப் பின்வாசல் வழியாக ஒருத்தி வந்தாள். அடுத்த தெருவில் மெத்தை தைக்கும் பாயின் மனைவி, நாங்கள் பாயம்மா என்று கூப்பிடுவோம். கூடத்துக்கு வந்து அக்கா போட்டோவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம் பொண்ணு பத்து நாளா சரியா துண்றதில்ல, பேசறதில்ல. நேத்து, நான் இல்லன்னா உங்களுக்கு நிம்மதிம்மான்னு சொல்றா. எனக்கு ஈரக்குலையே நடுங்குது. வீட்ல சொன்னா, ஹராமான பேச்சு பேசறியான்னு என்னைத்தான் திட்டுவாங்க. நீதான்மா பட்டுன்னு வாய் விட்டுச் சொன்ன. வந்து பேசறியா?"

செருப்பை மாட்டிக்கொண்டு அப்படியே கிளம்பினேன். "இன்னாடி, அங்க உனுக்கு இன்னா வேலை?" என்று அத்தை கத்தினாள். நான் நிற்கவில்லை.

பஞ்சு மூட்டைகளுக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள் அந்தப் பெண். பதினெட்டு வயசு இருக்கும். இதமாக எப்படி ஆரம்பிப்பது என்றெல்லாம் எனக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து, என் அக்காவிடம் யாருமே கேட்காததைக் கேட்டேன்.

"செத்துடலாம்னு தோணுதா?"

பாயம்மா கதவோரம் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பெண் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஆமாக்கா" என்றாள்.

"சரி, சொல்லு. நான் எங்கயும் போவல" என்றேன். சொல்ல ஆரம்பித்தாள்.