குளச்சலில் இறங்கிய கரிய மூசை

1934 ஐப்பசியில், பள்ளி வாத்தியாராக இருந்த நான் குளச்சலுக்குப் போனது கடல் பார்க்க அல்ல. நெய்யூருக்கு அருகே வெண்கல வார்ப்புப் பட்டறை வைத்திருந்த என் அத்தானுக்காக. உலோகம் உருக்கும் மண் மூசை, இடுக்கியில் பிடித்துத் தூக்கும்போதே வெடித்து, அவர் கால் வெந்துவிட்டது. ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

"இனி மண் மூசைய உலையில வச்சா, நான் எங்கம்ம வீட்டுக்குப் போயிருவேன்" என்றாள் அக்கா.

சிலிக்கன் கார்பைடில் செய்த மூசை கொடுஞ்சூட்டையும் தாங்கும் என்று கேள்விப்பட்டு, கொச்சி வழியாகக் கப்பலில் ஒன்று வரவழைத்தோம்.

நாகர்கோவிலில் காலை ஆறு மணி பஸ். பன்னிரண்டு மைல், ஒன்றேகால் மணி நேரம், கட்டணம் திருவிதாங்கூர்க் காசில் நாலு சக்கரம். கரையில் இறக்கியிருந்த மூசையைச் சுற்றியிருந்த வைக்கோலைப் பிரித்துப் பார்த்தேன். வாளி அளவில், கரிய நிறத்தில் இருந்தது மூசை. விரலால் தட்டினேன், கணீரென்றது. விரிசல் இல்லை.

நெய்யூருக்கு நாலு மைல். மீரான் காக்காவின் மாட்டு வண்டிக்குக் கூலி ஆறு சக்கரம். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது.

"நனைஞ்சா என்ன செய்யும் வாத்தியாரே?"

"ஈரத்தோட தீயில வச்சா இதுவும் வெடிச்சிரும் காக்கா."

அவர் தலையில் போட்டிருந்த சாக்கை எடுத்து மூசையைச் சுற்றினார். "நான் நனைஞ்சா வெடிக்க மாட்டேன்லா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்றும் கண்ணில் நிற்கிறது.

அப்படியும் அடியில் ஈரம் ஏறியிருந்தது. அத்தான் இரண்டு நாள் இளஞ்சூட்டில் காயவைத்தார். மூன்றாம் நாள் காலை உலையை மூட்டினார். ரப்பர் எந்திரத்துக்கு வளையம் வார்க்க வேண்டும். நொண்டியபடியே இடுக்கியைப் பிடித்தார். "மெள்ள... மெள்ள..." என்று அக்கா வாசலில் நின்று முணுமுணுத்தாள். செக்கச்சிவந்த மூசை சாய்ந்தது. வெண்கலம் அச்சுக்குள் இறங்கியது. மூசையில் ஒரு கீறல் இல்லை.

"தீந்துட்டு ஏட்டி, வா" என்றார் அத்தான். அவள் வரவில்லை, அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

இப்படி வாங்கப் போகிறவர்கள் தட்டிப் பார்த்து வாங்குங்கள், மழைக்காலமென்றால் தார்ப்பாய் கொண்டுபோங்கள், காயவைக்காமல் உலையில் ஏற்றாதீர்கள். பிறகு எத்தனையோ ஊர் போய்விட்டேன். எதையும் இவ்வளவு பத்திரமாக மடியில் வைத்துக்கொண்டு வந்ததில்லை. வார்ப்பு முடிந்த அன்று மத்தியானம் கஞ்சி குடித்ததும் அக்கா படுத்துவிட்டாள். பட்டறையில் சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது. பயம் தீர்ந்து தூங்கியவள் பொழுது சாயும்வரை விழிக்கவே இல்லை.